கார்பன் கணக்கு: ஓசூர்ப் பட்டறைக்கும் கிருஷ்ணகிரி மாந்தோப்புக்கும் ஒரு தொடக்க வழிகாட்டி

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இப்போது இரண்டு விதமான காகிதங்கள் சுற்றுகின்றன. ஓசூரில் போல்ட், நட்டு செய்யும் பட்டறைக்காரருக்கு ஜெர்மனியிலிருந்தோ இத்தாலியிலிருந்தோ ஒரு எக்செல் படிவம் வருகிறது. உங்கள் சரக்கில் டன்னுக்கு எவ்வளவு கார்பன் என்று அதில் கேட்டிருக்கிறார்கள். போச்சம்பள்ளி, பர்கூர் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவரிடம் பைக்கில் வந்து இறங்கும் ஆள் ஓர் ஒப்பந்தத்தை நீட்டுகிறார். உங்கள் மரம் காற்றைச் சுத்தம் செய்கிறது, அதற்கு வெளிநாட்டுக் கம்பெனி காசு தரும் என்கிறார்.

இரண்டிலும் கார்பன் என்ற சொல் இருக்கிறது, இரண்டிலும் டன் கணக்குதான். அதனால் பலர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். ஏற்றுமதிக் காகித வேலையில் இருப்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும்: "அண்ணே, நம்ம ஊர்லயே தோப்புக்காரங்க கார்பன் கிரெடிட் விக்கறாங்களாமே, அதுல பத்து டன் வாங்கி ஐரோப்பாக்காரன்கிட்ட காட்டிட்டா வேலை முடிஞ்சிடாதுங்களா?" முடியாது. கிரெடிட் என்பது எங்கோ ஒரு டன் மாசு குறைத்ததற்கான சான்றுச் சீட்டு. அது அங்கே செல்லாது. ஏன் செல்லாது என்பது புரிந்துவிட்டால் பாதிக் கணக்கு புரிந்த மாதிரி. ஆகவே கொஞ்சம் பொருளாதாரத்தோடு தொடங்குவோம். பயப்பட வேண்டாம், கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

முதலில்: எந்த மாசை விற்கலாம், எதை விற்க முடியாது

எல்லை தாண்டும் மாசு என்றால் என்ன என்பதை ஓசூர்க்காரர்களுக்குப் படம் போட்டு விளக்க வேண்டியதில்லை. நந்தி மலைப் பக்கம் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரின் கிழக்கு ஓரமாக வரும்போது பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவையும் வாங்கிக்கொண்டு தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. மழைக்காலத்தில் கெலவரப்பள்ளி அணையில் தண்ணீர் திறந்தால் வெள்ளை வெளேரென்று நுரை பொங்கித் தரைப்பாலத்தை மூடிவிடும். வண்டிக்காரர் ஹார்ன் அடித்துக்கொண்டே நிற்பார். எதிரில் பாலம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. காற்றடித்தால் அந்த நுரை பக்கத்து வயலில் போய் விழும்.

பெங்களூரில் ஒரு வீட்டில் வாங்கும் சோப்புத்தூளின் விலையில் இந்த வயலின் நஷ்டம் சேரவில்லை. பொருளியலில் இதற்குப் புறவிளைவு என்று பெயர். ஒருவர் செய்வதன் செலவு, பேரத்தில் இல்லாத மூன்றாம் ஆளின் தலையில் விழுகிறது. 1920-இல் பிகூ என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர், அந்தச் செலவுக்குச் சமமாக வரி போடுங்கள் என்றார். 1960-இல் ரொனால்ட் கோஸ் வேறொரு பக்கத்திலிருந்து வந்தார். யாருக்கு உரிமை என்பது தெளிவாக இருந்து, பேசி முடிக்கும் செலவும் குறைவாக இருந்தால் இரு தரப்பும் தாங்களே ஒரு விலைக்கு வந்துவிடுவார்கள் என்றார். கெலவரப்பள்ளியில் அந்த இரண்டு நிபந்தனையுமே இல்லை. மேலே ஒரு மாநகரமே இருக்கிறது, கீழே சிதறிக் கிடக்கும் விவசாயிகள், நடுவில் இரண்டு மாநில அரசுகள். யார் யாரோடு பேரம் பேசுவது?

நாடுகளுக்கு நடுவே என்றால் இன்னும் கஷ்டம். கனடாவின் டிரெயில் ஊரில் இருந்த உருக்காலையின் கந்தகப் புகை, எல்லை தாண்டி அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துப் பயிர்களைக் கருக்கியது. நடுவர் தீர்ப்பு வந்தது 1938-இலும் 1941-இலும். தன் மண்ணிலிருந்து புகை கிளம்பி அடுத்த நாட்டுக்குப் பெருங்கேடு செய்ய எந்த நாட்டுக்கும் உரிமை இல்லை என்று அதில் சொன்னார்கள். இன்றும் சர்வதேசச் சட்டம் படிப்பவர்கள் இதிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

சரி, நுரையை விற்று வாங்க முடியுமா? தென்பெண்ணையில் கழிவு விடும் ஆலை, நொய்யல் கரையில் கழிவைக் குறைத்த ஆலையிடம் 'குறைத்த கணக்கை' விலைக்கு வாங்குகிறது என்று வையுங்கள். ஏட்டில் கணக்கு சரியாகிவிடும். கெலவரப்பள்ளியில் நுரை அப்படியே நிற்கும். எங்கே விடுகிறோம் என்பது முக்கியமான மாசுக்கு ஊர்விட்டு ஊர் வணிகம் உதவாது.

கார்பன் டை ஆக்சைடு அப்படியில்லை. ஓசூரில் விட்டாலும் ஹாம்பர்க்கில் விட்டாலும் ஒரே வானத்தில்தான் கலக்கிறது. ஒரு டன் எங்கே குறைந்தாலும் பூமிக்கு அதே பலன். அப்படியென்றால் எங்கே மலிவாகக் குறைக்க முடியுமோ அங்கே குறைப்பதுதான் புத்திசாலித்தனம். மாசு உமிழ்வு வணிகம் முழுக்க இந்த ஒரு எண்ணத்தின் மேல்தான் நிற்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு ஆலைக்கு ஒரு டன் குறைக்க 1,000 ரூபாய் ஆகிறது, இன்னொன்றுக்கு 4,000. இரண்டும் தலைக்கு 100 டன் குறைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டால் மொத்தச் செலவு 5 லட்சம். அதையே முதல் ஆலை 200 டன் குறைத்து, அதில் 100 டன்னை 2,500 ரூபாய் விலைக்கு இரண்டாவதற்கு விற்கட்டும். மொத்தச் செலவு 2 லட்சத்தில் முடிந்துவிடும். தனித்தனியாகக் குறைப்பதைவிட இரண்டு ஆலைக்கும் ஆளுக்கு ஒன்றரை லட்சம் மிச்சம். குறைந்த மாசு அதே 200 டன்தான்.

ஆனால் இதற்கு மொத்த அளவுக்கு ஒரு வரம்பு வேண்டும். ஏரிப் பாசனத்தில் முறைத் தண்ணீரை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்கிறோமே, மதகில் திறக்கும் அளவு நிலையாக இருப்பதால்தான் அந்த முறைக்கு மதிப்பு. மதகை அகலத் திறந்துவிட்டால் முறையை யார் கேட்டு வாங்கப்போகிறார்கள்? ஐரோப்பிய ஒன்றியம் 2005-இல் தன் கார்பன் சந்தையைத் திறந்தபோது, மாசு விட அனுமதிக்கும் சீட்டுகளை ஆலைகளுக்குத் தாராளமாகக் கொடுத்துவிட்டது. 2007-இல் அவற்றின் விலை கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு விழுந்தது. அப்புறம் வரம்பை இறுக்கினார்கள், மிஞ்சிய சீட்டுகளை ஒதுக்கி வைத்தார்கள். 2023 பிப்ரவரியில் டன் 100 யூரோவைத் தாண்டியது.

இரண்டாவது: நீங்கள் நிற்பது எந்தச் சந்தையில் என்று பாருங்கள்

கார்பன் சந்தை என்று ஒன்று கிடையாது. உங்களைத் தொடக்கூடியவை மூன்று.

ஒன்று ஐரோப்பாவின் கட்டாயச் சந்தை. நீங்கள் அதில் உறுப்பினர் இல்லை, ஆனால் உங்கள் சரக்கு அதன் வாசலில் போய் நிற்கிறது. அங்கே உள்ள ஆலை டன்னுக்குக் காசு கட்டும்போது வெளியிலிருந்து வரும் இரும்பு சும்மா உள்ளே போனால், உற்பத்தியே வெளிநாட்டுக்கு நகர்ந்துவிடும், மாசும் கூடவே நகரும் என்பது அவர்கள் வாதம். அதற்காக எல்லையில் கார்பன் கட்டணம் வைத்தார்கள். ஏற்றுமதிக்காரர்கள் வாயில் அது 'சிபாம்' (CBAM). வளரும் நாடுகள் மேல் பாரத்தை ஏற்றுகிறது என்று இந்தியா இதை எதிர்த்து வருகிறது. அந்த எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது என்பதுதான் என் கருத்தும். இருந்தாலும் படிவத்தை நிரப்பித்தான் ஆக வேண்டும்.

இரண்டாவது இந்தியாவின் சொந்தச் சந்தை. 2022-இல் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தைத் திருத்தி, 2023 ஜூனில் கார்பன் கிரெடிட் வணிகத் திட்டத்தை அறிவித்தார்கள். எரிசக்தித் திறன் செயலகம்தான் இதை நடத்துகிறது. அலுமினியம், சிமென்ட், காகிதம், குளோர்-ஆல்கலி (காஸ்டிக் சோடா, குளோரின்) துறைகளின் பெரிய ஆலைகளுக்கு 2025 அக்டோபரில் இலக்குகள் வந்தன. இங்கே வரம்பு மொத்த மாசுக்கு இல்லை, ஒரு டன் உற்பத்திக்கு எவ்வளவு மாசு என்பதற்குத்தான். உற்பத்தி பெருகினால் மொத்த மாசும் பெருகலாம். வளரும் நாட்டுக்கு இது நடைமுறை வழி என்பார்கள், ஒத்துக்கொள்ளலாம். ஓசூரின் சிறு பட்டறைகள் இந்தப் பட்டியலில் வரவில்லை.

போகிற போக்கில் சூரத்தையும் சொல்லிவிடுகிறேன். 2019-இல் அங்கே ஆலைப் புகையின் தூசுக்கு ஒரு சந்தை தொடங்கினார்கள். புகைபோக்கியிலேயே அளவுக் கருவி, மொத்தத்துக்கு வரம்பு, சீட்டு வணிகம். தூசு 20 முதல் 30 சதவீதம் குறைந்தது. எல்லா ஆலையும் ஒரே வட்டாரத்தில், ஒரே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கீழ் இருந்ததால் அது நடந்தது. தென்பெண்ணைக்கு இல்லாத வசதி அதுதான்.

மூன்றாவது தன்னார்வச் சந்தை. யாருக்கும் சட்டக் கட்டாயம் இல்லாமல், கம்பெனிகள் தங்கள் பெயருக்காக வாங்கும் கிரெடிட்டுகள். தோப்புக்கு வரும் ஆள் இதைத்தான் விற்கிறார். இதை ஐரோப்பிய எல்லையில் காட்டிக் கழித்துக்கொள்ள முடியாது. அங்கே கழிப்பது, சரக்கு உற்பத்தியான நாட்டில் உண்மையிலேயே கட்டிய கார்பன் விலையை மட்டுமே.

பட்டறைக்காரருக்கு: படிவத்தைத் தொடும் முன்

முதல் வேலை எச்.எஸ். கோட், அதாவது சரக்கின் வகையைக் காட்டும் சுங்க எண், பார்ப்பது. இன்வாய்ஸை எடுத்து முதல் நான்கு எண்ணைப் பாருங்கள். 7318 என்றால் போல்ட், நட்டு, ஸ்க்ரூ, சிபாம் பட்டியலில் இருக்கிறது. வாகன உதிரிபாகமாக 8708-இல் போனால் முதல் பட்டியலில் இல்லை. ஆனால் இரும்பும் அலுமினியமும் அதிகம் உள்ள பொருள்களையும் சேர்க்க ஐரோப்பிய ஆணையம் 2025 டிசம்பரில் முன்மொழிந்திருக்கிறது. அதனால் அந்தப் பக்கமும் ஒரு கண் வையுங்கள். கிருஷ்ணகிரி கிரானைட்டும் மாங்கூழும் இதில் வராது. கிரானைட் ஆலை ஒன்றில் இதற்கென்று ஒரு ஆலோசகருக்கு முன்பணம் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். அந்த எச்.எஸ். எண்ணைப் பார்த்திருந்தாலே அந்தப் பேச்சு எழுந்திருக்காது.

அடுத்து, வாங்குபவரின் அளவு. 2025-இல் செய்த திருத்தப்படி, ஓர் இறக்குமதியாளர் ஆண்டுக்கு மொத்தம் 50 டன்னுக்குக் குறைவாக இந்தப் பொருள்களை வாங்கினால் அவருக்கு இந்தக் கடமை இல்லை. உங்களிடம் வாங்குவதை மட்டும் வைத்துப் பார்க்கக் கூடாது, அவர் எல்லோரிடமும் வாங்குவதையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். ஆகவே அவரிடமே கேட்டுவிடுங்கள்.

காலக் கணக்கு இப்படி. 2023 அக்டோபர் முதல் 2025 முடிய தகவல் மட்டும் கொடுத்தால் போதும். 2026 ஜனவரி முதல் காசு கணக்கு. 2026-இல் போன சரக்குக்கான சிபாம் கட்டணச் சான்றிதழ்களை இறக்குமதியாளர் 2027 பிப்ரவரியிலிருந்து வாங்கலாம். ஐரோப்பிய ஆலைகளுக்கு இன்னும் ஓரளவு இலவசச் சீட்டு உண்டு, அது 2034 வரை படிப்படியாகக் குறையும். அதற்கேற்ப உங்கள் சரக்கிலும் ஒரு அளவுகோல் வரை கழித்துவிடுகிறார்கள். அந்த அளவுகோலைத் தாண்டிய மாசுக்கு இப்போதே முழு விலை. "முதல் வருஷம் கட்டணம் ரெண்டரை சதவீதம்தானே" என்று சிலர் சொல்லிக்கொண்டு திரிவது இதைக் கவனிக்காமல்தான்.

இனி உண்மையான கணக்கு. ஆண்டுக்கு 100 டன் போல்ட் ஏற்றுமதி என்று வைத்துக்கொள்வோம். வெட்டுத் துண்டும் செதிலும் போக 110 டன் கம்பி வாங்கியிருப்பீர்கள். ஊதுலையில் (இரும்புத் தாதுவை நிலக்கரிக் கரியோடு உருக்கும் உலை) செய்த கம்பிக்கு, இந்தியாவில் டன்னுக்கு ஏறக்குறைய 2.5 டன் கார்பன் என்று வைத்தால் 275 டன். ஹீட் ட்ரீட்மென்ட் உலையில் 10 டன் எல்பிஜி எரித்திருந்தால், கிலோவுக்கு ஏறக்குறைய 3 கிலோ வீதம் 30 டன். மொத்தம் 305. அதில் பத்தில் ஒன்பது பங்கு உங்கள் பட்டறை வாசலுக்கு வரும் முன்பே கம்பியில் ஏறிவிட்டது.

இதைப் பார்த்த பிறகு எங்கே கவனம் வைக்க வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டாம். கம்பி எந்த வழியில் வந்தது என்பதே எல்லாம். பழைய இரும்பை மின் உலையில் உருக்கியது என்றால் டன்னுக்கு அரை டன் அளவில்கூட நிற்கும். நிலக்கரியில் செய்த ஸ்பாஞ்ச் அயர்னை (தாதுவை உருக்காமலே எடுத்த இரும்பு) உருக்கியது என்றால் ஊதுலையைவிட மோசமாகவும் போகலாம். வியாபாரியிடம் "எல்லாம் ஒரே கம்பிதான் சார்" என்ற பதில் வரும். விடாதீர்கள். ஒவ்வொரு கட்டுக்கும் மில் டெஸ்ட் சர்டிபிகேட் இருக்கும், அதில் ஹீட் நம்பர், அதாவது எந்த உருக்கில் வந்த கம்பி என்ற எண், இருக்கும். எந்த ஹீட் நம்பர் கம்பி எந்த இன்வாய்ஸில் போனது என்று ஒரு பதிவேடு போடுங்கள். தரக் கட்டுப்பாட்டுக்காகப் பல பட்டறையில் ஏற்கெனவே இது இருக்கிறது. ஏற்றுமதி மேசைக்குத்தான் வந்து சேர்வதில்லை. பெரிய உருக்காலைகள் தங்கள் டன் கணக்கை எழுத்தில் கொடுக்கின்றன. இடையில் இருக்கும் ஸ்டாக்கிஸ்ட் வழியாக அதைக் கேட்டு வாங்குவதுதான் உங்கள் வேலையில் பாதி.

மின்சாரம் பற்றி ஒரு எச்சரிக்கை. கூரையில் சோலார் போட்டால் சிபாம் குறையும் என்று விற்பனைக்காரர்கள் சொல்கிறார்கள். இரும்புப் பொருளுக்கு 2026 முதல் நேரடி மாசு மட்டும்தான் காசுக் கணக்கில் வருகிறது. உங்கள் மின்கட்டண ரசீது அதில் இல்லை. கரண்ட் பில் குறையும், சோலார் நல்லதுதான், தாராளமாகப் போடுங்கள். ஆனால் சிபாம் எண் அசையாது. வாங்குபவர் தன் சொந்த அறிக்கைக்காக மின்சாரக் கணக்கைத் தனியாகக் கேட்கலாம். அப்போது யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ என்று போடலாம். ஜெனரேட்டரில் எரிந்த டீசலையும் மின்சாரப் பக்கத்திலேயே வையுங்கள், லிட்டருக்கு 2.7 கிலோ அளவில். உலையில் எரிந்ததோடு கலந்துவிட்டால் பின்னால் பிரிப்பது பெரும்பாடு.

இந்தக் கட்டணத்தை யார் சுமப்பார்கள்? சட்டப்படி கட்டுவது இறக்குமதியாளர். ஆனால் வரி யார் பெயரில் இருந்தாலும், கடைசியில் வேறு வழி குறைவாக உள்ளவர் தலையில்தான் அது வந்து உட்காரும். எங்கும் கிடைக்கும் சாதாரண எம்8 போல்ட் விற்பவரிடம் "விலையைக் குறை, இல்லையென்றால் துருக்கியில் வாங்குகிறேன்" என்பார்கள். வரைபடம் கொடுத்து, சாம்பிள் தேர்ச்சி பெற்று, டை செய்து ஓட்டும் ஸ்பெஷல் பாகம் என்றால் அவ்வளவு சுலபமாக ஆளை மாற்ற முடியாது, பாரத்தைப் பங்கு போடலாம். அடுத்த விலைப்பேச்சில் இதை நீங்களாகவே எடுங்கள். அவர்கள் எடுக்கும்வரை காத்திருந்தால் தள்ளுபடிப் பேச்சாகத்தான் அது வரும்.

தோப்புக்காரருக்கு: கையெழுத்துக்கு முன்

இங்கே விதிகள் ஏன் இவ்வளவு கறாராக இருக்கின்றன என்பதற்கு ஒரு பழைய கதை. கியோட்டோ பருவநிலை உடன்படிக்கையின் கீழ், வளரும் நாட்டில் மாசு குறைத்தால் கிரெடிட் கிடைக்கும் திட்டம் ஒன்று இருந்தது. குளிர்பதன வாயு செய்யும்போது உபரியாக எச்எஃப்சி-23 என்ற வாயு வரும். கார்பனைவிடப் பல ஆயிரம் மடங்கு வெப்பம் பிடிப்பது. அதை அழித்தால் கொட்டும் கிரெடிட். அழிக்கும் செலவோ அற்பம். கடைசியில் உபரியை அழித்துச் சம்பாதிப்பதற்காகவே சில ஆலைகள் உற்பத்தியைக் கூட்டின என்ற புகார் எழுந்தது. 2013-இல் ஐரோப்பா அந்தக் கிரெடிட்டுகளைத் தன் சந்தையில் தடை செய்தது. அதற்கு முன்பே அந்தத் திட்டத்துக் கிரெடிட்டின் விலை ஒரு யூரோவுக்கும் கீழே போயிருந்தது.

அன்றிலிருந்து முதல் கேள்வி இதுதான்: இந்தக் காசு இல்லாவிட்டால் இது நடந்திருக்குமா? இருபது வருடமாக நிற்கும் பெங்களூரா மாமரத்துக்குப் பதில் தெளிவு. அது மாங்காய்க்காக நட்டது, கிரெடிட்டுக்காக யாரும் நடவில்லை. ஏற்கெனவே நிற்கும் தோப்புக்குக் காசு என்று ஒருவர் சொன்னால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். பென்னாகரம், பாலக்கோடு பக்கம் தரிசாகக் கிடக்கும் மேட்டு நிலத்தில் புதிதாக மரம் வைப்பதற்கு என்றால் பேசலாம்.

பேசும்போது ஒப்பந்தத்தைத் தமிழில் கேளுங்கள், வீட்டில் வைத்து நிதானமாகப் படியுங்கள். எத்தனை ஆண்டு? முப்பது, நாற்பது ஆண்டு என்று இருக்கும். அதற்குள் மகளுக்கு நிலத்தைப் பிரித்துக் கொடுக்க வேண்டி வந்தால் என்ன ஆகும்? வறட்சியில் மரம் பட்டுப்போனால் மறுநடவு யார் செலவு? இந்த மாவட்டங்களில் இது வெறும் கற்பனைக் கேள்வி இல்லை. கிரெடிட்டின் உரிமை யார் பெயரில்? பங்கு என்பது விற்ற மொத்த விலையிலா, கம்பெனி தன் செலவையெல்லாம் கழித்த பிறகா? 'கழித்த பிறகு' என்று இருந்தால் செலவுக்கு உச்சவரம்பு எழுதச் சொல்லுங்கள்.

எவ்வளவு கிடைக்கும் என்பதையும் கையால் போட்டுப் பாருங்கள். ஏக்கருக்கு ஆண்டுக்கு 2 டன் என்று வைப்போம், டன் 800 ரூபாய் என்று வைப்போம், பாதி உங்கள் பங்கு. ஆண்டுக்கு 800 ரூபாய். அதுவும் மரம் வளர்ந்து, அளந்து, சரிபார்த்து, விற்ற பிறகு, பல ஆண்டு கழித்து. டன் அளவும் விலையும் திட்டத்துக்குத் திட்டம் மாறும், அவர் சொல்லும் எண்ணை இதே கணக்கில் போடுங்கள். மரத்தின் காய், கட்டை, நிழல் உங்களுக்கு லாபமாக இருந்தால் இது மேல்வரும்படி. இந்தக் காசை மட்டும் நம்பி ராகி நிலத்தை விட்டுக்கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

திட்டத்தின் பதிவு எண்ணையும் கேளுங்கள். கிரெடிட் திட்டங்களைப் பதிவு செய்யும் வெரா, கோல்டு ஸ்டாண்டர்ட் ஆகிய இரண்டு அமைப்புகளின் பதிவேடும் இணையத்தில் யாரும் பார்க்கும்படி இருக்கின்றன. எண்ணைப் போட்டால் திட்டத்தின் பெயர், இடம், நிலை தெரியும். "பதிவு நடந்துகிட்டு இருக்குங்க" என்றால், நடந்து முடிந்ததும் வரச் சொல்லுங்கள்.

படிவத்தில் ஒரு கடைசி விஷயம்

பட்டறைக்காரர்கள் எக்செல் படிவத்தில் எண் தெரியாத கட்டத்தில் 0 என்று போட்டு அனுப்புகிறார்கள். சரிபார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். உலை இருக்கிறது, எரிபொருள் பூஜ்யம் என்றால் மற்ற எண்களையும் அவர் நம்பமாட்டார். எண் இல்லையென்றால் கட்டத்தைக் காலியாக விட்டு, குறிப்பில் "கம்பி தயாரிப்பாளரிடம் கேட்டிருக்கிறோம்" என்று தேதியோடு எழுதுங்கள், கேட்ட மின்னஞ்சலையும் இணையுங்கள். அந்தச் சரக்குக்கு ஐரோப்பியர்களின் பொது மதிப்பு விழும். அது வேண்டுமென்றே உயரமாகத்தான் வைக்கப்பட்டிருக்கிறது. உருக்காலையின் எண் வந்ததும் அடுத்த சரக்கிலிருந்து உங்கள் சொந்தக் கணக்கில் போகலாம்.